ஆறு பாட்டில் 2010 சேன்-தெஸ்தெஃப்: இப்போது திறப்பதா, காத்திருப்பதா?

வாசகர் கேள்வி, 9 அக்டோபர் 2021

என் மகள் 2010-இல் பிறந்தாள். அந்த ஆண்டு அறுவடையில் ஆன சேன்-தெஸ்தெஃப் சிவப்பு ஒயினை ஆறு பாட்டில் கொண்ட மரப்பெட்டியாக 2013-இல் வாங்கினேன். ஐந்து ஆண்டுகள் அது அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. 2018-இல் வீடு மாறியபின் நிலவறையில் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒன்றைத் திறந்தோம். கடுக்காயைக் கடித்ததுபோல நாக்கு வறண்டுவிட்டது. கடைக்காரர் இன்னும் பத்து ஆண்டு பொறுக்கச் சொல்கிறார். இன்று வாயில் வைக்க முடியாதது நாளைக்கு மட்டும் எப்படி நன்றாக இருக்கும், இதெல்லாம் விற்பவர்கள் கட்டிய கதை என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி?

10 அக்டோபர் 2021

கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பத்து ஆண்டு என்ற கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் உள்ள மெதோக் பகுதியின் பெயர்பெற்ற நான்கு ஊர்களில் வடகோடியில் இருப்பது சேன்-தெஸ்தெஃப். தெற்கே மார்கோவில் கூழாங்கல் மிகுந்த நிலம். வடக்கே போகப் போகக் கூழாங்கல்லுக்கு அடியில் களிமண் கூடுகிறது. களிமண் நீரைப் பிடித்துவைப்பதால் பழம் மெல்லப் பழுக்கிறது, ஒயினும் இறுக்கமாக வருகிறது. அதோடு காபெர்னே சோவிஞ்ஞோன் சிறு மணியும் தடித்த தோலும் கொண்ட திராட்சை. சாற்றின் அளவுக்குத் தோலும் விதையும் அதிகம் என்பதால் துவர்ப்பும் அதிகம். 2010-இல் கோடை வறண்டும் இரவுகள் குளிர்ந்தும் இருந்ததால் துவர்ப்பு, புளிப்பு, ஆல்கஹால் மூன்றும் ஒருசேர உயர்ந்து நின்றன. அப்படிப்பட்ட ஒயினைப் பதினோராம் வயதில் திறந்தால் நாக்கு வறளத்தான் செய்யும்.

உங்கள் மைத்துனர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. துவர்ப்பு இருப்பதாலேயே ஒரு ஒயின் நன்றாக முதிரும் என்று ஆகிவிடாது. 1975-ஆம் ஆண்டு போர்தோ ஒயின்கள் கடும் துவர்ப்போடு வந்தன. வாங்கியவர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். பலவற்றில் பழச்சுவை முதலில் போய்விட்டது, துவர்ப்பு மட்டுமே மிஞ்சியது. ஆகவே நாக்கு வறண்டதா என்பது பெரிய கேள்வி அல்ல. அந்த வறட்சிக்குப் பின்னால் பழம் இருந்ததா? ஒரு மிடறு விழுங்கி ஒரு நிமிடம் கழித்து வாயில் என்ன எஞ்சியிருந்தது? அதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

11 அக்டோபர் 2021

நேற்றே கேட்டிருக்க வேண்டும். திறந்த கையோடு ஊற்றினீர்களா? பாட்டில் எவ்வளவு குளிர்ந்திருந்தது? பக்கத்தில் என்ன சாப்பாடு?

நிலவறையிலிருந்து நேராக எடுத்து 13 டிகிரியில் ஊற்றினால் எந்த இளம் போர்தோவும் இரண்டு மடங்கு துவர்க்கும். 22 டிகிரி வரவேற்பறையில் வைத்தால் ஆல்கஹால் மூக்கைச் சுடும். அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற வழக்கம், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஓடாத காலத்து அறைகளை வைத்து வந்தது. நான் 17 டிகிரியில் வைக்கிறேன். காரமான குழம்போடு குடித்திருந்தால் அந்த ஒயினைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். மிளகாய் எரிச்சல் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் தூக்கிக் காட்டும்.

17 அக்டோபர் 2021

வாசகர் பதில் எழுதியிருக்கிறார்: நிலவறையிலிருந்து எடுத்த உடனே திறந்தார்கள், பக்கத்தில் கோழிக்குழம்பு, மறுநாள் மிச்சத்தைக் குடித்தபோது “எவ்வளவோ தேவலை”. இந்தக் கடைசிச் செய்தி நல்லது. ஒரு நாள் காற்றுப் பட்டும் பழம் நின்றது என்றால் ஒயினுக்குள் இருப்பு இருக்கிறது.

துவர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணம். பிரெஞ்சு ஒயின் வகுப்புகளில் துவர்ப்பைச் சுவையாகக் கணக்கிடுவதில்லை. அது தொடு உணர்வு என்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது. நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. நமக்கோ துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. வேதியியல்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் குடிக்கும்போது நம் பழக்கம்தான் எனக்கு உதவியிருக்கிறது, ஏனென்றால் சிறுவயதிலிருந்தே துவர்ப்பில் வகை பிரித்துத்தான் வளர்ந்திருக்கிறோம். வாழைக்காயைக் கடித்தால் வரும் துவர்ப்பு ஈறில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும். கொட்டைப்பாக்கின் துவர்ப்பு கன்னத்தை உள்ளே இழுக்கும். நாவல்பழத்தில் துவர்ப்போடு சாறும் வரும். நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தால் அது இனிப்பாகத் திரும்பும்.

என் குறிப்பேட்டில் 1999-இலிருந்து இப்படித்தான் எழுதிவருகிறேன். வாழைக்காய் என்று எழுதியிருந்தால் விதை பழுக்காமல் பறித்த பழம். அதைக் காத்துவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொட்டைப்பாக்கு என்றால் காத்திருக்கலாம். நாவல் என்றால் திறக்கும் காலம் வந்துவிட்டது. நீங்கள் எழுதிய கடுக்காய் என்ற சொல்லில் கசப்பும் கலந்திருப்பதால் சற்றுக் கவலையாக இருந்தது. மறுநாள் தேறியது என்பதால் அதைப் பாக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2 நவம்பர் 2021

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள ஒரே நேரடிச் சான்று ஒரு பெட்டி 1996. அதுவும் சேன்-தெஸ்தெஃப்தான். 1999 செப்டம்பரில், பல்பொருள் அங்காடிகள் ஒயின் சந்தை நடத்தும் வாரத்தில், பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன். பாரிஸுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த எனக்கு அது பெரிய செலவு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரரான என் மாமனார்தான், “பன்னிரண்டு வாங்கினால்தான் மாப்பிள்ளை, ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ள முடியும்” என்று வாங்க வைத்தார்.

1996-இல் செப்டம்பர் வறண்டு குளிர்ந்திருந்ததால் மெதோக்கின் காபெர்னே மிக நன்றாக வந்தது. மெர்லோ திராட்சை மிகுந்த, ஆற்றுக்கு எதிர்ப்புறமான வலக்கரையில் அத்தனை சிறப்பு இல்லை. முதல் பாட்டிலை 2001-இல் திறந்தபோது கறுப்புக் காசிஸ் பழமும் புதுப்பீப்பாய் மணமும் முட்டிக்கொண்டு வந்தன, குறிப்பேட்டில் கொட்டைப்பாக்கு. 2004-இலும் அப்படியே. 2009-இல் திறந்தது ஊமையாக இருந்தது. மணமே இல்லை; துவர்ப்பும் புளிப்பும் மட்டும். சிவப்பு ஒயின்கள் நடுவயதில் சில ஆண்டுகள் மூடிக்கொள்வது உண்டு என்பதால் “மூடிவிட்டது, 2013 வரை தொடாதே” என்று எழுதிவைத்தேன். 2013-இல் தேவதாருப் பெட்டி, பென்சில் சீவல், கொஞ்சம் புகையிலை. 2017-இல் திறந்ததுதான் இதுவரை சிறந்தது: மழை நின்றபின் மரத்தடிச் சருகைப் புரட்டினால் வரும் மணம், அதற்கடியில் இன்னும் பழம், துவர்ப்பு நெல்லிக்காயின் பின்சுவை அளவுக்கு அடங்கியிருந்தது. இருபத்தோரு ஆண்டு. இப்போது இரண்டு பாட்டில் மீதம்.

1996-க்கு இருபத்தொன்று என்றால் 2010-க்கும் அதற்குக் குறையாது என்பது என் கணிப்பு. உங்களுடையதை 2030-க்கு முன் தொட வேண்டாம்.

20 நவம்பர் 2021

டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மண்டியாக அடியில் படிவதால்தான் துவர்ப்பு குறைகிறது என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். அது பாதிதான். நிறமிகளும் டானினும் சேர்ந்து படிவது உண்மை. பழைய பாட்டிலின் அடிமண்டி அதுதான், ஊதா நிறம் செங்கல் நிறமாக மாறுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் ஒயினின் புளிப்பு அந்தச் சங்கிலிகளை உடைக்கவும் செய்கிறது. உடைந்த சிறு துண்டுகள் எச்சில் புரதத்தை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கட்டுவதும் உடைப்பதும் பல ஆண்டுகள் ஒருசேர நடக்கின்றன. புளிப்புக் குறைந்த ஒயின் ஏன் பெரும்பாலும் நெடுநாள் தாங்குவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது.

9 ஜனவரி 2022

இந்தக் குறிப்பு எழுத எனக்கு வலிக்கிறது.

உங்கள் அடுக்களை அலமாரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, என் நிலவறையை நானே பல ஆண்டுகளாக அளந்து பார்க்கவில்லை என்று உறைத்தது. டிசம்பரில் இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றை வடக்குச் சுவரோரமும் மற்றொன்றை எதிர்ச்சுவரோரமும் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வடக்கில் 12, எதிரே 21. அந்தச் சுவரின் மேல்மூலையில் கட்டடத்தின் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அதைச் சுற்றியிருந்த காப்புப் பஞ்சு எப்போதோ கிழிந்து தொங்கியிருக்கிறது. கட்டட நிர்வாகத்துக்கு அயலார் ஒருவர் 2015-லேயே எழுதியிருந்தாராம், யாரும் வந்து பார்க்கவில்லை. அதன் கீழே நான் 2014-இல் இடம் ஒதுக்குவதற்காக நகர்த்திய 2005 பெட்டி ஒன்று இருந்தது. ஆறு பாட்டில். அதே ஒயினின் இன்னொரு ஆறு வடக்குச் சுவரோரம்.

நேற்று இரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒவ்வொன்று திறந்தேன். நிறுத்திவைத்துப் பார்க்கும்போதே வேறுபாடு தெரிந்தது. வடக்குப் பாட்டிலில் ஒயின் கழுத்துக்குள் நின்றது. குழாய்ப் பாட்டிலில் கழுத்து முடிந்து தோள் தொடங்கும் இடத்துக்கு இறங்கியிருந்தது. கழுத்தில் சுற்றிய தகட்டை உரித்தால் தக்கையின் மேல்முகத்தில் ஒட்டும் கறை. தக்கையை வெளியே எடுத்துப் பார்த்தேன்: வடக்குத் தக்கையின் அடியில் மட்டும் நகக்கண் அளவு சிவப்பு; மற்றதில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்திலும் ஒரு பக்கமாக மேல்வரை ஊதாக் கோடு ஏறியிருந்தது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையோரமாகக் கசிந்திருக்கிறது. குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியில் காற்று உள்ளே போயிருக்கிறது.

கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணியின்மேல் பிடித்தால், வடக்கு ஒயின் விளிம்புவரை அடர்சிவப்பு; மற்றதன் விளிம்பில் விரல் அகலத்துக்குச் செங்கல் நிறம். வடக்கு: காசிஸ், புகையிலை, இன்னும் பாக்குத் துவர்ப்பு. மற்றது கெட்டுப்போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வேகவைத்த அத்திப்பழமும் உலர்திராட்சையும் மணத்தன. துவர்ப்பு அடங்கியிருந்தது. முதல் மிடறில் மனைவி அதையே விரும்பினாள். அரை மணி நேரத்தில் அது சோர்ந்து சோயா சாற்று வாடை வந்தது. வடக்குப் பாட்டில் அப்போதுதான் திறக்கத் தொடங்கியது. பதினாறு வயது ஒயின் இரண்டும். ஒன்றுக்கு இன்னும் பத்தாண்டு ஆயுள், மற்றொன்றை இந்த ஆண்டே முடித்துவிட வேண்டும்.

நவம்பர் 2-ஆம் தேதிக் குறிப்பில் “2030-க்கு முன் தொட வேண்டாம்” என்று உறுதியாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது என் வடக்குச் சுவரோரம் இருந்த பாட்டிலுக்கான கணக்கு.

15 ஜனவரி 2022

அடுக்களையில் ஐந்து ஆண்டு இருந்த ஒயினைத் தூக்கி ஊற்றிவிடலாமா என்று வாசகர் கேட்கிறார். வேண்டாம். வெப்பம் ஒயினை விரைவாக நடக்க வைக்கும். எல்லா வெப்பமும் கொன்றுவிடாது. தக்கை வெளியே தள்ளியிருக்கிறதா, கசிவு இருக்கிறதா, மட்டம் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உங்கள் ஒயினின் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயி-காஸ்பார் தெஸ்தூர்னெல் என்பவர் தம் கோஸ் தெஸ்தூர்னெல் ஒயினைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். விற்காமல் திரும்பி வந்தவை முன்பைவிட நன்றாக இருப்பதாகக் கண்டு, திரும்பியது (பிரெஞ்சில் ‘ரெதூர்’) என்பதற்கு அடையாளமாகப் பாட்டிலில் ‘ஆர்’ என்ற எழுத்தைப் பொறித்து உயர்ந்த விலைக்கு விற்றார். சேன்-தெஸ்தெஃபின் மகாராஜா என்று அவருக்குப் பெயர். பகோடா கோபுரங்கள் வைத்த அவருடைய கிடங்குக் கட்டடம் இன்றும் சாலையிலிருந்தே தெரியும். கடனில் மூழ்கித் தோட்டத்தை 1852-இல் விற்று, அடுத்த ஆண்டே இறந்துபோனார். மெதோக் ஒயின்களை ஐந்து தரமாகப் பிரித்த 1855 தரவரிசையில் தம் ஒயின் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றதை அவர் பார்க்கவில்லை. மாதக்கணக்கான கடல் வெயிலும் கப்பலின் ஆட்டமும் அந்தக் கடும் ஒயினை விரைவாக முதிர வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் குழாய்ப் பாட்டிலை மனைவி முதல் மிடறில் விரும்பியதும் இதே காரணத்தால்தான்.

23 ஆகஸ்ட் 2022

வெயில். நிலவறை வடக்குச் சுவர் 17. பாரிஸில் 42.6 டிகிரி பதிவான 2019 ஜூலை 25-க்குப் பிறகு கீழே போய்த் தொட்டுப் பார்த்ததில் பாட்டில்கள் குளிர்ச்சியாகவே இருந்தன. மண்தரை கொண்ட பழைய நிலவறைக்கு இந்தப் பொறுமை உண்டு. 12-லிருந்து 17-க்கு ஆறு மாதத்தில் மெல்ல ஏறினால் பயமில்லை. ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் தக்கையை வேலை வாங்கும். ஈரம் 75 விழுக்காடு. பாட்டில்களில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் பூசணம் பிடித்திருக்கின்றன. சீட்டு போனால் போகட்டும், தக்கை காயக்கூடாது.

6 நவம்பர் 2022

1996-இன் பதினோராம் பாட்டில். தக்கை கெட்டிருந்தது.

டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் சேர்மம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, அல்லது ஈரக் கோணிச்சாக்கை மூலையில் மடித்துப் போட்ட வாடை. பாலித்தீன் தாளைச் சுருட்டிக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கினால் அது அந்தச் சேர்மத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். செய்து பார்த்தேன். வாடை குறைந்தது, அதோடு ஒயினின் மணமும் போய், சாயம் போன துணியைப்போல ஆகிவிட்டது. கொட்டிவிட்டேன்.

இரவில் படுத்தபின் தோன்றியது. டி.சி.ஏ. மிகக் குறைவாக இருந்தால் வாடையாகத் தெரியாது; பழத்தை மட்டும் ஊமையாக்கிவிடும். 2009-இல் “மூடிவிட்டது” என்று நான் எழுதிவைத்த அந்தப் பாட்டில்? அதே பெட்டி, பெரும்பாலும் ஒரே தொகுதித் தக்கைகள். எழுந்துபோய்க் குறிப்பேட்டைப் புரட்டினேன். 2009 பக்கத்தின் ஓரத்தில் “கொஞ்சம் தூசி” என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அன்று அதைப் பொருட்படுத்தவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக என் 1996 நடுவயதில் மூடிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். ஒரே பாட்டிலை வைத்து ஒரு ஒயினின் வரலாற்றை எழுதியது தவறு. அப்படி யாரேனும் என் சொல்லை நம்பித் தங்கள் 1996-ஐத் திறக்காமல் வைத்திருந்தால் மன்னிக்கவும்.

12 பிப்ரவரி 2023

மிளகு வறுவலுக்கு எந்த ஒயின் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். போர்தோ வேண்டாம், வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் சிரா திராட்சையில் ஆன கோர்னாஸ் அல்லது கோத்-ரோத்தி எடுங்கள். சிராவில் வரும் மிளகு மணம் உவமை அல்ல. கருமிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம்தான் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார் இதைக் கண்டறிந்தார்கள். அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு இந்த மணமே தெரியவில்லை. என் தம்பி அப்படிப்பட்டவன். அவனோடு பத்து ஆண்டு வாதாடியிருக்கிறேன், இப்போது வாதாடுவதில்லை.

5 நவம்பர் 2023

கராஃபில், அதாவது கண்ணாடிக் குடுவையில், ஊற்றிவைப்பது பற்றி. முன்பெல்லாம் எதைத் திறந்தாலும் மூன்று மணி நேரம் கராஃபில் வைப்பேன். 2019-இல் ஒரு 1996-ஐ விருந்தினர் வருவதற்கு முன் அப்படி ஊற்றிவைத்தேன். ஊற்றும்போது எழுந்த சருகு மணம், அவர்கள் உட்கார்ந்தபோது இல்லை. கோப்பையில் எஞ்சியது புளிப்பு. அதைப் பற்றி இன்றுவரை எழுதாமல் இருந்துவிட்டேன்.

மண்டி இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்பே, கராஃபுக்கு மாற்ற வேண்டும் என்று போர்தோவின் ஒயின் அறிஞர் எமில் பெய்னோ வலியுறுத்தினார். காற்று வேண்டுமானால் கோப்பையிலேயே பட்டுக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. பழைய ஒயினுக்கு இதை முழுவதும் ஏற்கிறேன். இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடியில் இறங்கட்டும். கழுத்துக்குக் கீழே விளக்கு வைத்து, ஒரே கையோட்டத்தில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். கழுத்தில் முதல் கறுப்பு இழை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இளம் 2010-க்கு மட்டும் அவர் சொல் எனக்கு ஒத்துவரவில்லை. நான்கு மணி நேரக் கராஃப் அதன் பாக்குத் துவர்ப்பைத் தளர்த்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

19 மே 2024

வாசகர் அழைத்திருந்தார்; நேற்று அவர் வீட்டில் இரண்டாம் பாட்டில். நான் அதே 2010-ஐ, வாங்கிய நாள்முதல் குளிர்ந்த கிடங்கிலேயே இருந்த ஒன்றை, கடையில் தேடி வாங்கிக்கொண்டு போனேன். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து, நான்கு மணி நேரம் கராஃபில் வைத்து, சீட்டை மறைத்து ஊற்றினோம். சாப்பாட்டுக்கு வாட்டிய ஆட்டுக்கறி, உப்பும் மிளகும் மட்டும்.

கிடங்குப் பாட்டில் இன்னும் கறுப்பு. கொட்டைப்பாக்கு, கன்னம் உள்ளே இழுக்கிறது, ஆனால் பின்னால் பழம் நீண்டு நிற்கிறது. அதற்குப் பத்து ஆண்டு என்று கடைக்காரர் சொன்னது பொருந்தும். அடுக்களைப் பாட்டில் விளிம்பில் மாதுளை நிறத்துக்கு வந்திருக்கிறது. துவர்ப்பு நாவல்பழம்; சாறு உண்டு. உலர்திராட்சை வாடை இல்லை, சோயா வாடை இல்லை, தக்கையில் கசிவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்தும் சோரவில்லை. அந்த ஐந்து ஆண்டு வெப்பம் இதை நான்கைந்து ஆண்டு முன்னால் தள்ளியிருக்கிறது, உடைக்கவில்லை. மைத்துனர் இரண்டையும் மாறிமாறிக் குடித்துவிட்டு, “2021-இல் குடித்தது இதுவா?” என்று மூன்று முறை கேட்டார்.

மகளுக்குப் பதினான்கு வயது. மணம் மட்டும் பார்க்கிறேன் என்று கோப்பையை வாங்கினாள். எங்களில் யாரும் அதுவரை வாய் திறக்கவில்லை. “பள்ளிக்கூடப் பென்சில் பெட்டி” என்றாள். 2013-இல் என் 1996-க்கு நான் எழுதிவைத்த அதே மணம்.

20 மே 2024

மீதம் நான்கு. அவள் பதினெட்டாம் பிறந்தநாள் 2028-இல். அதற்கு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தக்கை கெட்டிருந்தாலும் இரண்டு இருக்கும். 2026 குளிர்காலத்தில் ஒன்றைத் திறந்து, நாவல் நெல்லியாகியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். விளிம்பில் செங்கல் நிறம் விரலகலத்தைத் தாண்டியிருந்தால் 2028 வரை காக்க வேண்டாம்.

அன்று சொல்ல மறந்தேன்: உங்கள் நிலவறைக் கதவுக்கு மேலே ஒரு குழாய் போகிறது. அதன்மேல் கை வைத்துப் பாருங்கள்.